வங்கியில் நாலு லட்சம், அடகில் சங்கிலி

கேள்வி: எனக்கு வயது 34. சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பி.எஃப். பிடித்தம் போக 38,000 கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல், மாதம் 7,000 வரும். திருநகரில் வாடகை வீடு. மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். சேமிப்புக் கணக்கில் 4,10,000 சேர்ந்திருக்கிறது, இரண்டரை சதவீத வட்டி. எல்லாச் செலவும் போக மாதம் 12,000 மிஞ்சும். வருடம் 24,000 கட்டுகிற எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) ஒன்று நான்கு வருடமாக ஓடுகிறது. தங்கை மகள் காதுகுத்துக்குச் சீர் செய்ய மனைவியின் சங்கிலியை வங்கியில் வைத்து 1,60,000 வாங்கினேன். 9 சதவீதம். வட்டியைக் கட்டி மறுபடி வைத்து இரண்டாவது வருடம் ஓடுகிறது. இதுவரை எதிலும் முதலீடு செய்ததில்லை. லேட்டாகிவிட்டதா? மச்சான் தோப்பூர் பக்கம் தவணையில் வீட்டுமனை பிளாட் போடச் சொல்கிறார். கம்பெனியில் ஒருவர், லட்சத்துக்கு மாதம் 3,000 தருகிற இடம் தெரியும் என்கிறார். இன்னொருவர் டெலிகிராமில் டிப்ஸ் பார்த்து ஷேர் வாங்குகிறார். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற எஸ்.ஐ.பி. நல்லது என்றும் சொல்கிறார்கள். எதில் போடுவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநகர்

பதில்:

தம்பி, நாலு பேர் நாலு வழி சொல்லியிருக்கிறார்கள். நாலையும் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். முதலில் அங்கேதான் நிற்க வேண்டும்.

வங்கியில் 4,10,000 இருக்கிறது. வங்கியிலேயே சங்கிலியும் இருக்கிறது. 1,60,000 கடனுக்கு வருடம் 14,400 வட்டி கட்டுகிறீர்கள். அதே 1,60,000 உங்கள் சேமிப்புக் கணக்கில் படுத்துக்கொண்டு வருடம் 4,000 சம்பாதிக்கிறது. ஆக, வருடத்துக்கு 10,400 ரூபாயை உங்கள் பணத்தை நீங்களே கடன் வாங்குவதற்குக் கட்டணமாகக் கொடுக்கிறீர்கள். எந்த முதலீட்டிலும் 9 சதவீதம் நிச்சயம் என்று உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கடனை அடைத்தால் அந்த 9 சதவீதம் அன்றைக்கே நிச்சயமாகிவிடுகிறது.

இப்படி வைத்திருப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் வீட்டிலும் பார்க்கிறேன். காரணம் கேட்டால், கணக்கில் காசு இருந்தால் ஒரு தைரியம் என்பார்கள். அந்தத் தைரியம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சங்கிலி பீரோவில் இருப்பதும் தைரியம்தானே? நாளைக்கே அவசரம் என்றால் அதைக் கொண்டுபோய் வைத்து அரை நாளில் பணம் வாங்கிவிடலாம். அதுவரை வட்டி ஓடாது. அதனால் முதல் வேலை, நகையைத் திருப்புங்கள்.

திருப்பிய பிறகு 2,50,000 மிஞ்சும். அதை எதில் போடுவது என்றுதானே அடுத்த கேள்வி? எதிலும் போட வேண்டாம். உங்கள் வீட்டுச் செலவு மாதம் 33,000. ஆறு மாதத்துக்கு 1,98,000. கப்பலூரில் ஆர்டர் குறைந்து ஷிப்ட்டை வெட்டினால், உங்களுக்கே ஒரு கை கால் முறிவு வந்தால், அந்த ஆறு மாதத்தை ஓட்டுவதற்கான பணம் இது. மிச்சம் ஐம்பதாயிரத்துச் சொச்சம் அம்மாவின் வைத்தியத்துக்கு. 50,000 சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். மீதி 2,00,000-ஐ ஒரே ரசீதாகப் போடாமல், 50,000 வீதம் நான்கு ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றும் வட்டி குறையாமல் ஓடும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு என்பதால் இந்தத் தொகையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அப்படியானால் முதலீட்டுக்குக் கையில் ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். ஆமாம், மொத்தமாகப் போடுவதற்கு உங்களிடம் பணம் இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முதலீடு அந்த மாதாந்தர மிச்சத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வட்டி நின்றுவிடுவதால் அது 12,000-லிருந்து 13,200 ஆகிறது.

அதைப் பிரிப்பதற்கு முன்னால், மொய்நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். உங்கள் சொந்த ஊர் எது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். வெளியூர்க்காரருக்கு விளங்காது, உங்களுக்கு விளக்கவே வேண்டாம். செய்முறை என்பது நம் பக்கத்தில் பாதி உறவு, பாதி வரவு செலவு. யார் உங்கள் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினார்கள், மகள் காதுகுத்துக்கு யார் கிடாய் கொண்டுவந்தார்கள், யார் அரைப்பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. திருப்பிச் செய்யும்போது வாங்கியதை அப்படியே எழுத முடியாது, மேலே கொஞ்சம் வைத்துத்தான் எழுத வேண்டும். ஆகவே அது கடன். வட்டி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எஸ்.ஐ.பி.யைப் பாதியில் நிறுத்தியவர்களில், சந்தை விழுந்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்களை விட, முகூர்த்த மாதத்தில் மூன்று பத்திரிகை ஒன்றாக வந்து நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் சங்கிலி அடகுக்குப் போனதும் ஒரு காதுகுத்துக்குத்தானே! தாய்மாமன் சீரில் கையைச் சுருக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் அது திடீரென்று வந்த செலவு என்று சொல்லாதீர்கள். தங்கைக்கு மகள் பிறந்த அன்றே தெரிந்த செலவு அது.

அதனால் வருகிற ஆவணி தொடங்கி இரண்டு வருடத்துக்கு எந்தெந்த வீட்டில் விசேஷம் வரும், எவ்வளவு செய்ய வேண்டும் என்று மனைவியையும் அம்மாவையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். இந்தக் கணக்கில் வீட்டுப் பெண்களின் ஞாபகம் நோட்டை விடச் சரியாக இருக்கும். மாதம் 3,000 வீதம் ஒரு வருட ஆர்.டி. போட்டு இதற்கென்றே ஒதுக்குங்கள். பட்டியலைப் பார்த்துத் தொகையைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மகனுக்கு 2 வயது. அவன் காதுகுத்து இனிமேல்தான் என்றால் அந்தச் செலவும் இந்தக் கணக்கில்தான். விசேஷம் வைத்தால் வசூல் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரும். அதில் நீங்கள் இதுவரை செய்யாதவர்கள் எழுதுகிற புதுமொய் எல்லாம் நீங்கள் நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. அதை லாபம் என்று எடுத்து பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து காப்பீடு. சம்பளம் 21,000-க்கு மேல் இருப்பதால் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. உங்களுக்குக் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் வர மாட்டீர்கள். கம்பெனி குரூப் பாலிசி இருந்தாலும் வேலையோடு அதுவும் போய்விடும். எனவே உங்கள் நால்வருக்கும் 5 லட்சத்துக்கு ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு எடுங்கள். அம்மாவை இதே பாலிசியில் சேர்த்தால் எல்லோருடைய பிரீமியமும் ஏறும், அவருக்குத் தனியாக விலை கேளுங்கள். உங்கள் பெயரில் 75 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசியும் வேண்டும், உங்களுக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது அது. புகைப்பழக்கம் இல்லாத 34 வயதுக்காரருக்கு மாதம் ஆயிரத்தை ஒட்டி வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. பழைய விலைப் பட்டியலைக் காட்டி யாராவது வரியோடு கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 3,000 என்று வைத்துக்கொள்வோம்.

சரி, மிச்சம் 7,200.

இதுவரை எதிலும் முதலீடு செய்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களே, அது என்ன? மாதாமாதம் நீங்கள் போடுவதோடு கம்பெனியும் தன் பங்கைப் போடுகிறது. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். இந்த வயதில் உங்களுடைய பெரிய சொத்து அநேகமாக அதுதான். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைப் போட்டு பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். முன்னால் வேறு கம்பெனியில் இருந்திருந்தால் அந்தப் பணம் இந்தக் கணக்குக்கு மாறியிருக்கிறதா, நாமினி யார் என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள் பலர் நாமினி விவரத்தைப் புதுப்பிப்பதே இல்லை.

மகளுக்கு 10 வயது ஆகாததால் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு தொடங்கலாம். 2024 ஜனவரி முதல் 8.2 சதவீதம் என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசு வட்டியைப் பரிசீலிக்கும். கணக்கு தொடங்கியதிலிருந்து 15 வருடம் கட்ட வேண்டும், 21-வது வருடம் முதிரும். அதாவது மகளுக்கு 27 வயதில். நடுவில் 18 வயதுக்குப் பிறகு படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். மாதம் 2,000 போடுங்கள். 5-ம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி கிடைக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும்.

இப்போது 5,200 இருக்கிறது, 5,000 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இன்ன தேதியில் தேவை என்று எதுவும் இல்லை. குறைந்தது பத்து வருடம் தொடாமல் இருக்க முடிகிற இந்தப் பணம்தான் பங்குச்சந்தைக்குப் போகலாம். மொய்க்கு ஒதுக்கியதும், ஆறு மாதச் செலவும் அங்கே போகக் கூடாது. எஸ்.ஐ.பி. நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். எஸ்.ஐ.பி. என்பது மாதாமாதம் போடுகிற முறை. போடுகிற பணம் எப்போது வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதும் கெட்டதும்.

முதல் ஃபண்டாக நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று போதும். நாட்டின் பெரிய 50 கம்பெனிகளின் பங்குகளை அந்தப் பட்டியலில் உள்ள விகிதத்திலேயே வாங்கி வைக்கும். எந்த ஷேர் ஏறும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை என்பதால் செலவு குறைவு. டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான் என்று இரண்டு இருக்கும். ரெகுலரில் விற்றுத் தருபவருக்கு வருடா வருடம் கமிஷன் போகும், டைரக்டில் போகாது. ஃபார்ம் நிரப்பி, சந்தை விழும்போது போனில் தைரியம் சொல்லி, கூடவே நிற்கிற ஆள் உங்களுக்கு வேண்டும் என்றால் ரெகுலரில் போவதில் தப்பில்லை. ஸ்டோர்ஸில் இருப்புக் கணக்கு பார்க்கிறவருக்கு டைரக்ட் கஷ்டமாக இருக்காது என்பது என் கணிப்பு.

விழும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2008 ஜனவரியில் 21,000 பக்கத்தில் இருந்த சென்செக்ஸ் என்கிற பங்குச்சந்தைக் குறியீடு, 2009 மார்ச்சில் 8,000-க்கு வந்தது. பழைய உயரத்தைத் தொட 2010 கடைசி ஆகிவிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது 42,000-லிருந்து இரண்டு மாதத்தில் 26,000. அந்தத் தடவை அதே வருட நவம்பரில் ஏறிவிட்டது. அடுத்த தடவை எவ்வளவு நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் போட்ட 2 லட்சம் 1,20,000 என்று போனில் தெரிகிற ஒரு காலை உங்களுக்கும் வரும். அன்றைக்கு மச்சான் போன் செய்து, அப்போதே சொன்னேனே என்பார். அந்த மாதத் தவணையும் எப்போதும் போலப் போக வேண்டும்.

லேட்டாகிவிட்டதா என்றால், 58 வயதுக்கு இன்னும் 24 வருடம் இருக்கிறது. மாதம் 5,000, வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் 24 வருடத்தில் ஏறக்குறைய 59 லட்சம் ஆகும். நீங்கள் போட்டது 14,40,000. இந்த எண்ணைத்தான் எல்லா விளம்பரத்திலும் காட்டுகிறார்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அந்த 59 லட்சம் இன்றைய 15 லட்சத்துக்குச் சமம் என்பதைக் காட்டுவதில்லை. அதனால் 5,000 என்பது ஆரம்பம்தான். ஒவ்வொரு இன்கிரிமென்டிலும் பாதியை இதில் கூட்டிக்கொண்டே போனால்தான் ஓய்வுக்காலத்துக்கு ஆகும்.

மற்ற ஆலோசனைகளுக்கு வருவோம். லட்சத்துக்கு மாதம் 3,000 என்றால் வருடம் 36 சதவீதம். நகையை வைத்தால் உங்களுக்கே 9 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறது. நிலமும் கட்டடமும் இருப்பதாகச் சொல்கிற ஒரு கம்பெனி வங்கிக்குப் போகாமல் உங்களிடம் 36 கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? முதல் சில மாதம் வட்டி டாண் என்று வரும். அது உங்கள் முதலிலிருந்தோ, உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் பணத்திலிருந்தோ வருவது. அதைக் காட்டித்தான் அண்ணன், தம்பி, சகலை என்று ஆள் சேர்ப்பார்கள். முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்தது, அந்த வழக்குகளுக்கென்று மதுரையிலேயே தனி நீதிமன்றம் இருக்கிறது. நம் ஊரில் எத்தனை குடும்பம் இதில் சிக்கியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பணம் திரும்புவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். கம்பெனி நண்பரிடம் சண்டை போட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியிலோ, பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியிலோ டெபாசிட் வாங்கப் பதிவு இருந்தால் நகல் கொடுங்கள் என்று கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

டெலிகிராம் டிப்ஸுக்கு ஒரே ஒரு தகவல். பங்குச்சந்தையில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஷேரின் வருங்கால விலை மேல் ஒப்பந்தம் போடுகிற வியாபாரம் செய்த தனிநபர்களில் 100-க்கு 93 பேர் 2021-22 முதல் 2023-24 வரை நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. ஷேர் டிப்ஸ் குரூப்புகள் நிறைய அங்கேதான் கொண்டுபோய் விடும்.

தோப்பூர் பிளாட்டைப் பற்றி மச்சான் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தப் பக்கம் நிலம் பேச்சிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் திருநகரிலிருந்து பக்கம்தான், வேலைக்கும் அதே ரோடுதான். அங்கே வீடு கட்டிக் குடியேறும் எண்ணம் இருந்தால் அது வேறு கதை, அதற்குத் தனியாகக் கணக்குப் போடலாம். விலை ஏறட்டும் என்று வாங்கிப்போடுவதற்கு உங்கள் நிலைமை இடம் கொடுக்கவில்லை. தவணை உங்கள் மிச்சம் முழுவதையும் விழுங்கிவிடும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தில் அரை சென்ட்டை மட்டும் விற்க முடியாது. பத்திரப்பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 சதவீதம் தனி. தவணை முழுதும் முடிந்த பிறகுதான் பத்திரம் என்கிற திட்டத்தில், அதுவரை உங்கள் கையில் இருப்பது ரசீது மட்டும்.

எப்போது போனாலும் மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற டி.டி.சி.பி.யின் அனுமதி எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் இரண்டையும் வாங்கி நீங்களே சரிபாருங்கள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டு, மூலப்பத்திரத்தோடு ஒரு வக்கீலிடம் கொடுங்கள். கண்மாய்ப் புறம்போக்கோ ஓடையோ மனைக்குள் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தை வைத்துக் கேளுங்கள். புரோக்கர் காரில் கூட்டிப்போய்க் காட்டும்போது எல்லா மனையும் மேட்டு நிலமாகத்தான் தெரியும். ஐப்பசி மழை நேரத்தில் தனியாக ஒரு தடவை பைக்கில் போய்ப் பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தையல் பணத்தில் உங்கள் மனைவி நகைச்சீட்டு ஏதாவது போடுகிறாரா? போட்டால் போடட்டும். மகளுக்கு நகை சேர்க்க அது ஒரு வழி. சேதாரம், செய்கூலி, மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று போவதால் அதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

எண்டோமென்ட் பாலிசி ஒன்றுதான் பாக்கி. இந்த மாதிரிப் பாலிசிகளில் வருமானம் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தில் நின்றுவிடும், காப்பீட்டுத் தொகையும் உங்கள் குடும்பத்துக்குக் காணாது. அதற்காக அவசரப்பட்டு பாலிசியைப் பாதியில் முடித்து சரண்டர் செய்ய வேண்டாம், நான்கு வருடம் கட்டிவிட்டீர்கள். டெர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு, கிளைக்குப் போய் மூன்று விவரத்தை எழுத்தில் கேளுங்கள்: இன்றைக்கு சரண்டர் செய்தால் எவ்வளவு, இனிமேல் கட்டாமல் பெய்டு-அப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு, கடைசி வரை கட்டினால் இப்போதைய போனஸ் விகிதத்தில் எவ்வளவு. பாலிசியின் காலம், காப்பீட்டுத் தொகை இரண்டையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எதைச் செய்யலாம் என்று அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.